சாத்தான் உழுத மலை

பூடாபெஸ்ட் ரயில்வே ஸ்டேஷன் கவுன்ட்டரில் போய், "வில்லனி... ரெண்டு டிக்கெட்!" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மணி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... நம்பியாரைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். நண்பன் தலையில் அடித்துக்கொண்டு, "வில்லாஞ்!" என்று திருத்தினான். உடனே அம்மணி முகத்தில் ஒரு மலர்ச்சி. அந்த ஊருக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்பது ஹங்கேரி பூராவும் தெரியும் போலிருக்கிறது.

'ஞ்' என்ற எழுத்தை நாம் ஞாபகம், ஞாயிற்றுக்கிழமை, ஞானம் என்று ஏதோ நாலைந்து இடத்தில் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைப் பரணில் போட்டுவிட்டோம். ஹங்கேரிக்காரர்கள் அதை ஊருக்கு ஊர் ஒட்டிவைத்திருக்கிறார்கள். வில்லாஞ், ஹர்காஞ், நோஜ்ஹர்ஷாஞ்... மூன்றும் ஹங்கேரியின் தென்கோடியில், குரோஷியா எல்லைக்குப் பக்கத்தில் அக்கம்பக்கத்து ஊர்கள்.

ஒயின் என்றதும் நிமிர்ந்து உட்காரும் ஆபீஸ் சிங்கங்களே, கொஞ்சம் பொறுங்கள். அடியேன் ஒரு கிளாஸுக்கே கண் சொருகுகிற ஆசாமி. பூடாபெஸ்ட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பன் வீட்டில் 2022 செப்டம்பரில் பத்து நாள் டேரா போட்டிருந்தேன். "ஹங்கேரிக்கு வந்துட்டு ஒயின் ஊர் பார்க்கலைன்னா, திருப்பதி போயிட்டு மொட்டை மட்டும் போட்டுட்டுத் திரும்பற மாதிரிடா" என்றான். ஒயின் என்றால் எல்லோரும் வடகிழக்கில் இருக்கிற டோகாய் ஊருக்குத்தான் ஓடுவார்களாம். "நாம தெற்கே போவோம். அங்கே ஸ்வெட்டர் வேண்டாம்." அந்த ஒரு வார்த்தைக்காகவே சரி என்றேன்.

அவனிடம் கார் இருக்கிறது. ஆனால் எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். ஹங்கேரியில் ஒரு சொட்டு உள்ளே போயிருந்தாலும் வண்டி ஓட்டக்கூடாது. சட்டப்படி அனுமதி அளவு பூஜ்யம். எனவே ரயில். பேச் என்கிற ஊர் வரைக்கும் மூன்று மணி நேரம். ('பேச்சு' என்று சொல்ல ஆரம்பித்துக் கடைசியில் முழுங்கிவிட்டால் சரியான உச்சரிப்பு வந்துவிடும்.) அங்கிருந்து ஒரு குட்டி ரயில். 1857-லேயே இந்தப் பக்கம் ரயில் பாதை போட்டுவிட்டார்கள்.

ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது ஊர் இல்லை. மலை. பெயர் சார்ஷோம்யோ. 'சார்' என்று மரியாதையோடு ஆரம்பிக்கிற மலையை வாழ்க்கையில் அப்போதுதான் பார்க்கிறேன். சாருக்கு உயரம் 442 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் சப்பாத்தி மாவு தேய்த்த மாதிரி சமவெளி என்பதால், ஆள் ஹிமாலயம் கணக்காக நிற்கிறார். சரிவில் சுண்ணாம்புப் பாறைகள் வரிவரியாக, யாரோ ஏர் ஓட்டின மாதிரி.

ஓட்டினதாகத்தான் சொல்கிறார்கள். ஓட்டினவன் சாத்தான்!

இந்த ஊரில் ஒரு கிழவிக்கு ஹர்கா என்று அழகான பெண். சாத்தானுக்கு அவள்மேல் காதல். "பொண்ணு கேட்டு வந்திருக்கேன்" என்று நின்றிருக்கிறான். கிழவி லேசுப்பட்டவள் இல்லை. "சேவல் கூவறதுக்குள்ளே இந்த மலை பூரா உழுதுடு. பொண்ணு உனக்குத்தான்" என்று கண்டிஷன் போட்டாள். சாத்தான் பூனைகளை ஏரில் பூட்டி உழ ஆரம்பித்தான். பூனையைக் குளிப்பாட்டவே நமக்கு முடியாது, அவன் ஏரில் பூட்டியிருக்கிறான், காதல் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். விடிவதற்குள் முடித்துவிடுவான் போலிருந்ததும், கிழவி கோழிக் கூண்டுக்குப் போய்த் தானே சேவல் மாதிரி கூவினாள். நிஜச் சேவல்களும் தூக்கத்திலிருந்து எழுந்து கூட்டாகக் கூவிவிட்டன. சாத்தான் ஏரை வீசிவிட்டு ஆத்திரத்தில் பூமிக்குள் பாய்ந்தான். பாய்ந்த இடத்தில் கந்தக நாற்றத்தோடு வெந்நீர் பீறிட்டது. அதுதான் பக்கத்திலிருக்கிற ஹர்காஞ். இன்றைக்கும் மூட்டுவலிக்காரர்கள் அந்த வெந்நீரில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் காதல் தோல்வியில் ஒரு ஊரே பிழைக்கிறது!

கதை கிடக்கட்டும். சாத்தான் உழுத அந்த மலைதான் வில்லாஞ்சின் முதல். நான் பி.காம். அதனால் 'முதல்' என்றால் எனக்குக் கேபிடல்தான். குன்றுகள் கிழக்கு மேற்காக நீளமாகக் காம்பவுண்டு சுவர் மாதிரி நிற்கின்றன. வடக்கிலிருந்து வருகிற குளிர்காற்று அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. தெற்குப் பார்த்த சரிவுகள் பகல் முழுக்க வெயில் காய்கின்றன. வருஷத்துக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் வெயில். நமக்கு இது ஒரு பெருமையா என்று தோன்றும். ஐரோப்பாவின் நடுவில் இருப்பவர்களுக்கு இது பெரிய சொத்து. அத்திமரம், பாதாம் மரமெல்லாம் வளர்கிறது. கீழே சுண்ணாம்புப் பாறை, அதற்கு மேல் என்றைக்கோ காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் மண். இந்த மண்ணைக் குடைந்தால் இடியாமல் நிற்கும் என்பதால் ஆளாளுக்கு நிலவறை தோண்டி வைத்திருக்கிறார்கள்.

மலையில் ஒரு பூ இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில், பனி முழுக்கப் போவதற்கு முன்பே பூக்கிற வெள்ளைப் பூ. ஹங்கேரியில் இந்த ஒரு மலையில்தான் அது தானாக வளர்கிறது. அவர்களுடைய 2 ஃபோரின்ட் நாணயத்தில் அந்தப் பூவைத்தான் போட்டிருந்தார்கள். 2008-ல் அந்த நாணயத்தையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் பூ, ஒயின் பாட்டில் லேபிளுக்குக் குடிபோய்விட்டது. 2006 முதல் வில்லாஞ் ஒயினுக்கு ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. ஹங்கேரியில் அப்படி முதலில் வாங்கியது இவர்கள்தான். வேறு ஊரில் செய்துவிட்டு இந்த ஊர்ப் பெயரை ஒட்டினால் செல்லாது.

ஊரில் மெயின் ரோடே ஒரே வாசனை. செப்டம்பர் கடைசி. அறுவடை நேரம். டிராக்டர்கள் திராட்சையைக் குவித்துக்கொண்டு போகின்றன. பின்னாலேயே குளவிகள் ஊர்வலம் போகின்றன. ஜனத்தொகை மூவாயிரத்தைத் தொடாத ஊருக்குள், எங்கே திரும்பினாலும் 'பின்ட்ஸெ' என்று போர்டு. பின்ட்ஸெ என்றால் நிலவறை. பெரிய பெரிய கம்பெனிகளில் கண்ணாடிக் கதவு, ரிசப்ஷனில் டை கட்டின பெண், கிரெடிட் கார்டு மெஷின். ஆபீஸுக்கு வந்த மாதிரியே இருந்தது. "இதுக்கா லீவு போட்டு வந்தேன்?" என்றேன். நண்பன் யோசித்துவிட்டு, "நடப்பியா?" என்றான்.

நடந்தோம். ரெண்டு மூணு கிலோமீட்டரில் வில்லாஞ்கொவெஷ்ட் என்று ஒரு கிராமம். ரோட்டோரம் வரிசையாக, தோளோடு தோள் உரசிக்கொண்டு, வெள்ளையடித்த குட்டிக் குட்டிக் கட்டடங்கள். வீடு என்று நினைத்தால் ஏமாந்தோம், எல்லாமே நிலவறைகளின் வாசல். ஜன்னல் என்று பார்த்தால் கைக்குட்டை சைஸ். முக்கால்வாசிக் கதவு பூட்டியிருந்தது. ஒன்று திறந்திருந்தது. வாசலில் ஒரு பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து ரப்பர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நண்பனுடைய ஹங்கேரியன், காய்கறிக் கடைக்கு மட்டும் போதுமானது. பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜெர்மனில் ஏதோ கேட்டார். நண்பன் இதற்கு முன்னால் நாலு வருஷம் ஃப்ராங்பர்ட்டில் குப்பை கொட்டினவன். பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அவர்கள் பேச, அவன் எனக்குச் சொல்ல, நான் "ம்" கொட்ட... ரெண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

உள்ளே போனோம். வெளியே சுகமான வெயில், உள்ளே பன்னிரண்டு டிகிரி. கோடையிலும் குளிரிலும் அதேதான், கரன்ட் பில் கிடையாது. ரெண்டு பக்கமும் பீப்பாய்கள். பெரியவர் ஒரு கண்ணாடிச் சாமானை எடுத்தார். சுரைக்குடுக்கைக்கு நீளமான வால் முளைத்த மாதிரி இருந்தது. முன்னாளில் நிஜச் சுரைக்குடுக்கையிலேயே செய்வார்களாம். வாலைப் பீப்பாய்க்குள் விட்டு, மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சி, கட்டை விரலால் அடைத்து வெளியே எடுத்தார். கிளாஸுக்கு மேலே பிடித்து விரலை லேசாகத் தளர்த்தினால் ஒயின் கொட்டுகிறது. இதற்குப் பெயர் லோபோ.

"லோப்னா ஹங்கேரியன்ல திருடறதுன்னு அர்த்தம்" என்றான் நண்பன். "இது திருடி."

சொந்தப் பீப்பாயிலிருந்து எடுக்கிறதற்கே திருட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்களில் எடுப்பதற்கு 'டிராவலிங் அலவன்ஸ்' என்றல்லவா பெயர்!

முதலில் வந்தது போர்ச்சுகீசர் என்கிற திராட்சையின் புது ஒயின். ரெண்டு வாரம் முன்னால் பறித்தது, இன்னும் கொதி அடங்காமல் கலங்கலாக இருந்தது. இதற்கு முன்னாள் பெயர் கேக்-ஒபோர்ட்டோ. கேக் என்றால் நீலம். 'போர்ட்டோ' என்பது போர்ச்சுகல்காரர்களின் பாதுகாக்கப்பட்ட பெயர் என்பதால், ஐரோப்பிய யூனியன் விதிகளுக்காக லேபிளில் பெயரை மாற்றிக்கொண்டார்கள். "அவங்க லேபிள்ல மாத்தட்டும். எங்க வாயில மாத்த முடியுமா?" என்றார் பெரியவர். அப்புறம் கேக்ஃப்ராங்கோஷ். அதற்கப்புறம் கேபர்னே ஃப்ராங்க். இது பிரான்ஸில் பெரும்பாலும் மற்ற திராட்சைகளோடு கலப்பதற்குப் பயன்படுகிற ஜாதி. ஆனால் மைக்கேல் பிராட்பென்ட் என்கிற பிரிட்டிஷ் ஒயின் எழுத்தாளர், இந்தத் திராட்சைக்கு இயற்கையான வீடு வில்லாஞ்தான் என்று 2000-ல் எழுதிவிட்டார். பிரான்ஸில் செகண்ட் ஹீரோ, இங்கே வந்து சோலோ ஹீரோ. 2014-லிருந்து 'வில்லாஞி ஃப்ராங்க்' என்று தனிப் பெயர் வைத்தே விற்கிறார்கள்.

ருசி எப்படி என்று கேட்காதீர்கள். "கறுப்பு நாவல்பழம் மாதிரி... கொஞ்சம் மிளகு... கொஞ்சம் துவர்ப்பு" என்று ஏதோ சொன்னேன். பெரியவர் சிரித்தார். "ரேடியோல பேசறவங்க மாதிரி பேசாதே தம்பி. பிடிச்சிருக்கா, இல்லையா?" பிடித்திருந்தது.

ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே வெங்காயமும் மிளகாய்ப் பொடியும் தூவித் தட்டில் வைத்தார். ஆஹா, நம்ம டேஸ்ட்டு என்று ரெண்டு துண்டை உள்ளே தள்ளின பிறகு நண்பன் சொல்கிறான், அது வெண்ணெய் இல்லை, பன்றிக் கொழுப்பு என்று. முன்னாலேயே சொல்லித் தொலைக்கக்கூடாதா? மூன்றாவது துண்டையும் சாப்பிட்டேன். வீட்டில் யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எப்படி ஜெர்மன் தெரியும்?" என்று நண்பனைக் கேட்கச் சொன்னேன். லேசாகக் கேட்ட கேள்விதான். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். இங்கிருந்து கிழக்கே மொஹாச் என்று ஒரு ஊர். 1526-ல் அங்கே துருக்கியரிடம் ஹங்கேரி தோற்றது. ராஜா இரண்டாம் லாயோஷ் அந்தப் போரில் இறந்துபோனார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டு துருக்கி ராஜ்யம். 1687-ல் இதே சாத்தான் மலையடியில் நடந்த சண்டையில்தான் துருக்கியர் தோற்று ஓடினார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு யம்மர்டால் என்று பெயர். ஜெர்மனில் 'அழுகைப் பள்ளத்தாக்கு'. இன்றைக்கு வில்லாஞ்சின் பேர் பெற்ற திராட்சைத் தோட்டங்களில் சில அங்கேதான் இருக்கின்றன. போர்கள் முடிந்தபோது நிலம் இருக்கிறது, உழ ஆள் இல்லை. அதனால் ஜெர்மன் குடியானவர்களை வரவழைத்தார்கள். டான்யூப் நதியில் படகு படகாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஷ்வாப் என்று பெயர். அவர்களுக்கு முன்னால் வந்த செர்பியர்கள் கொண்டுவந்தது கடர்கா என்கிற திராட்சை, இவர்கள் பங்குக்கு ஒபோர்ட்டோ. ஆக, இந்த ஊர் ஒயினில் பாதி, வந்தேறிகள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்தது.

பெரியவர் அந்த ஷ்வாப் வம்சம். இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கேயே.

"1941-ல சென்சஸ் எடுத்தாங்க. உன் தாய்மொழி என்னன்னு கேட்டாங்க. எங்க தாத்தா ஜெர்மன்னு எழுதினார். உண்மையைத்தானே எழுத முடியும்?"

அவ்வளவுதான். ஒரு ஃபாரத்தில் ஒரு காலம். நாமெல்லாம் வருஷத்துக்கு எத்தனை ஃபாரம் நிரப்புகிறோம், யோசித்தா நிரப்புகிறோம்? உலக யுத்தம் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. 1945 டிசம்பரில் ஹங்கேரி அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. அந்த சென்சஸில் ஜெர்மன் இனம் என்றோ, ஜெர்மன் தாய்மொழி என்றோ சொன்னவர்கள் ஜெர்மனிக்குப் போய்விட வேண்டியது. 1946 ஜனவரியில் முதல் ரயில் கிளம்பியது. 1948 வரைக்கும் ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கு மேல் ஏற்றி அனுப்பினார்கள். இவருடைய தாத்தாவும் பாட்டியும் போனார்கள். அப்பா மட்டும் பேச் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். சுரங்கத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் பட்டியலிலிருந்து பெயர் தப்பித்தது. பெரியவர் அப்போது அம்மா வயிற்றில்.

ஆள் தப்பித்தார், வீடு தப்பிக்கவில்லை. தோட்டமும் போயிற்று. காலியான ஷ்வாப் வீடுகளில், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து துரத்தப்பட்ட ஹங்கேரியர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்களும் பாவம், வேறொரு பட்டியலில் சிக்கினவர்கள்.

சில வருஷம் கழித்து அப்பா திரும்பி வந்தார். அரசாங்கப் பண்ணையில் கூலி வேலை. எந்த வரிசையில் கவாத்து பண்ணச் சொன்னார்கள் தெரியுமா? அவருடைய சொந்த வரிசையிலேயே!

"ஒரு வார்த்தை பேசலை அவர். ஒழுங்கா வெட்டினார். கோணலா வெட்டினா கொடிக்குத்தானே வலிக்கும்னார்."

நான் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் தோன்றாமல், கீழே வைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே சூழ்நிலையை மாற்ற நினைத்தாரோ என்னவோ, எழுந்து நிலவறைக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கால் ஹெக்டேர். குனிந்து ஒரு கொடியின் அடிமரத்தைக் காட்டினார். முழங்கால் முட்டி மாதிரி ஒரு புடைப்பு.

"இதுக்குக் கீழே அமெரிக்கா. மேலே ஹங்கேரி."

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலோக்ஸெரா என்று ஒரு பூச்சி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. அசுவினி மாதிரி கண்ணுக்கே தெரியாத சமாசாரம். வேரைத் தின்றே கொல்லும். ஹங்கேரிக்குள் 1875-ல் நுழைந்து தோட்டம் தோட்டமாகக் காலி பண்ணியது. அமெரிக்கத் திராட்சையின் வேர் மட்டும் அந்தப் பூச்சியைத் தாங்கும். சரி, அந்த வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டிவிடலாம் என்று முடிவு பண்ணினார்கள். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் அமெரிக்க வேர் சோகை பிடித்து மஞ்சளாகிவிடுகிறது. வில்லாஞ்சிலோ மலையே சுண்ணாம்பு.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் என்ட்ரி. டெலெகி ஜிக்மோண்ட். (ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முன்னால், நம்ம இனிஷியல் மாதிரி.) 1854-ல் பேச் நகரில் பிறந்தவர். விஞ்ஞானி இல்லை, புரொஃபசர் இல்லை. ஒயின் வியாபாரி! காமர்ஸ் குரூப் என்றால் இளக்காரமாகப் பார்க்கிற சயின்ஸ் குரூப்காரர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கவும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலேயே வளர்கிற பெர்லாண்டியெரி என்கிற காட்டுத் திராட்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1896-ல் பிரான்ஸிலிருந்து பத்து கிலோ விதை வரவழைத்தார். முளைத்தது சுமார் 40,000 நாற்று. நல்ல மண்ணாகப் பார்த்து நட்டிருந்தால் எல்லாம் வளர்ந்திருக்கும், எதுவும் தெரிந்திருக்காது. அவர் வில்லாஞ்சில் இருப்பதிலேயே மோசமான சுண்ணாம்பு மண்ணாகத் தேடி நட்டார். பிழைத்ததை மட்டும் பொறுக்கினார். மறுபடி வடிகட்டினார். 1910-ல் அவர் போய்ச் சேர்ந்தார், மகன்கள் தொடர்ந்தார்கள். டெலெகி 5பிபி, 5சி, எஸ்ஓ4 என்று பஸ் ரூட் நம்பர் மாதிரிப் பெயர் வைத்த வேர்ச்செடிகளெல்லாம் அந்தப் பத்து கிலோவின் வாரிசுகள். ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் என்று எந்தத் தோட்டத்தில் தோண்டினாலும் இந்தக் குடும்பத்து வேர் தட்டுப்படலாம்.

மேலே நின்றபடி பெரியவர் சமவெளியைக் காட்டினார். பண்ணைக் காலத்தில் டிராக்டர் போக வசதியாக வரிசைகளை அகலமாக்கி, கொடியை உயரமாகக் கம்பியில் ஏற்றிவிட்டார்களாம். கடர்கா அதற்கெல்லாம் மசியாத ஜாதி. குட்டையாக, செடிக்கு ஒரு குச்சி நட்டு, குழந்தை மாதிரிப் பார்க்க வேண்டும். தோல் மெலிசு, மழை பெய்தால் அழுகிவிடும். பண்ணை மேனேஜர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஹங்கேரியின் முக்கியமான சிவப்புத் திராட்சை அது. அவர்களுக்கு வேண்டியது லிட்டர் கணக்கு. எவ்வளவு செய்தாலும் சோவியத் யூனியன் வாங்கிக்கொண்டது. 1985-ல் கோர்பச்சேவ் குடிக்கு எதிராகக் கிளம்ப, ஆர்டர் படுத்துவிட்டது. ஒரே கஸ்டமரை நம்பிக் கடை வைத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பி.காம். முதல் வருஷத்திலேயே படித்துவிட்டோம்.

ஆனால் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் வைத்துக்கொள்ள அந்தக் காலத்திலும் அனுமதி உண்டு. பகலில் பண்ணைக்கு லிட்டர் கணக்கு, சாயங்காலம் சொந்தத் துண்டில் பழைய முறை. 1990-ல் ஆட்சி மாறியபோது வித்தை தெரிந்தவர்கள் மிச்சமிருந்தது அப்படித்தான். 1991-ல் 'வருஷத்தின் சிறந்த ஒயின்காரர்' என்று முதன்முதலாக ஒரு பட்டம் கொடுத்தார்கள். வாங்கியவர் இந்த ஊர் டிஃபான் எடெ. 1994-ல் கெரெ அட்டிலா. இவர் அடிப்படையில் வனத்துறை ஆசாமி. 1997-ல் போக் யோஜெஃப். அந்த 1994-லேயே நாட்டின் முதல் ஒயின் சுற்றுலாப் பாதையும் இங்கே வந்தது. நாங்கள் பார்த்த கண்ணாடிக் கதவுகளெல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

பறிகொடுத்தவர்களுக்கு 1991 சட்டப்படி நிலத்தைத் திருப்பித் தரவில்லை, நஷ்டஈட்டுக் கூப்பன் கொடுத்தார்கள். அதை வைத்து ஏலத்தில் நிலம் எடுக்கலாம். "அப்பா வரிசையை வேறொருத்தர் எடுத்துட்டார். எனக்குக் கிடைச்சது இது. அதோ, அங்கேதான் அப்பாவோடது" என்று கை காட்டினார். நடுவில் ஒரு வாதுமை மரம் மட்டும் இருந்தது.

கீழே இறங்கி வந்ததும், "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்று சோடா பாட்டிலை எடுத்தார். ஒயினில் சோடா கலந்தால் ஃப்ரொச். சோடா செய்கிற வழியை 1820-களில் இங்கே கொண்டுவந்தவர் யெட்லிக் ஆன்யோஷ் என்கிற பாதிரியார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், புண்ணியவான்! விகிதத்துக்கு விகிதம் பெயர் மாறுகிறது. ஒரு பங்கு ஒயினுக்கு ரெண்டு பங்கு சோடா என்றால் 'நீட்டு நடை'. மூணு பங்கு ஒயின், ரெண்டு பங்கு சோடா என்றால் 'வாட்ச்மேன்'. அதையே திருப்பி ரெண்டு ஒயின், மூணு சோடா என்றால் 'உதவி வாட்ச்மேன்'. பதவிக்கு ஏற்ற சரக்கு! இதே ரீதியில் போனால் கிளார்க்குக்கு வெறும் சோடாதான். வில்லாஞ்சின் பெரிய சிவப்பு ஒயினில் சோடா ஊற்றினால் பாவம் என்பதால், ரோஸ் நிற ஒயினில் ஊற்றினார். எனக்கு உதவி வாட்ச்மேனே அதிகம்.

அலமாரியில் ஒரு மரச் சிலை. ஓர்பான் என்கிற புனிதர். திராட்சைக்காரர்களின் காவல் தெய்வம். மே 25 அவருடைய திருநாள். அன்றைக்கு வெயிலடித்தால் சிலைக்கு ஒயின் அபிஷேகம். பனியோ மழையோ வந்து பூவைக் கெடுத்துவிட்டால், பழைய காலத்தில் சிலைக்குத் திட்டும் மண்ணாங்கட்டி அடியுமாம். "இந்த வருஷம்?" என்றேன். "ஒயின்தான். அடிக்க எனக்குத் தெம்பில்லை, அவருக்கும் தெரியும்."

எழுபத்தாறு வயசு. ஒரே மகள், பேச் நகரில் நர்ஸ். ஒரே பேரன். அவன் எங்கே?

"ஸ்டுட்கார்ட். கார் ஃபேக்டரி." பெரியவர் சிரித்தார். "எங்களை ஜெர்மனிக்கு அனுப்பறதுக்கு அரசாங்கம் போலீஸை வெச்சுது. எங்க அப்பா சுரங்கத்துல போய் ஒளிஞ்சார். இவன் தானே டிக்கெட் வாங்கிட்டுப் போயிட்டான்."

இந்த வரிசையில் பூட்டின கதவுகளுக்கெல்லாம் காரணம் ஏறக்குறைய அதுதானாம். இவருடைய தோட்டத்தையும் நிலவறையையும் ஒரு பெரிய ஒயின் கம்பெனி கேட்கிறது. நல்ல விலை. நவம்பர் 11, மார்ட்டின் திருநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் வாத்துக்கறியோடு புது ஒயினை ருசி பார்ப்பது வழக்கம்.

கை சும்மா இருக்குமா? பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஆயிரம் லிட்டர், லிட்டர் ஆயிரம் ஃபோரின்ட். ரூபாய்க்கு அப்போது அஞ்சு ஃபோரின்ட், ஆக ரெண்டு லட்சம் ரூபாய். மருந்து, கம்பி, வரி, பீப்பாய் செலவு போக ஏதோ மிஞ்சுகிறது. ஆனால் அவருடைய உழைப்புக்குக் கூலி என்று ஒரு வரி எழுதினேன், உடனே நஷ்டம். பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன எழுதறான்?" என்றார். நண்பன் சொன்னான். அவர் பேனாவை வாங்கி, அந்தக் கூலி வரியை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லாபம் வந்துவிட்டது. எங்கள் காலேஜ் அக்கவுன்ட்டன்ஸி வாத்தியார் பார்த்திருந்தால் ரெண்டு பேரையும் வெளியே நிறுத்தியிருப்பார்.

காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பிடித்துக் கொடுத்து, அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கதவு வரைக்கும் வந்து, "எகேஷ்ஷேகெத்ரெ" என்றார். 'உன் ஆரோக்கியத்துக்கு' என்று அர்த்தம். கிளாஸைத் தூக்கும்போது சொல்கிற வார்த்தை. அவர் போகிறவனுக்கும் சொல்லுவார் போலிருக்கிறது. திருப்பிச் சொல்ல நாலு தடவை முயற்சி பண்ணினேன். நாலாவது தடவை அவரே பாவம் பார்த்து, போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

நவம்பரில் நண்பன் ஃபோன் பண்ணினான். மார்ட்டின் திருநாளுக்குப் போய்விட்டு வந்தானாம்.

"கதவு திறந்திருந்ததுடா. பேரன் வந்திருக்கான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கிட்டுப் பீப்பாய் கழுவிட்டிருந்தான்."

"அப்படின்னா விக்கலையா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பெரியவர் பதிலே சொல்லலை. லோபோவை எடுத்துட்டு வந்து ஊத்தினார்."

"பையன் என்ன சொல்றான்?"

"அவனுக்கு ஞாயித்துக்கிழமையோட லீவு முடியுதாம்."